பூதத்திற்கும் ஒரு கணக்கு வேண்டும்

கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் முதல் சண்டை பெரும்பாலும் கேம்ஸ் குறித்தே எழுகிறது. "படிப்பதற்கு என்று வாங்கிக் கொடுத்தோம். எப்போது பார்த்தாலும் விளையாட்டுதான்" என்பது பெற்றோரின் புகார். "எல்லாரும்தான் விளையாடுகிறார்கள்" என்பது பிள்ளைகளின் பதில். கோடை விடுமுறை வந்துவிட்டால், சாத்தூர் வெயிலில் பகல் நேரத்தில் வெளியே அனுப்பவும் மனம் வராது. சண்டை இன்னும் கூடும்.

இந்த வழக்கில் நான் பிள்ளைகள் பக்கம்தான். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. யாரோ செய்து தந்த விளையாட்டில் கீகளைத் தட்டிக் கொண்டிருப்பதோடு நிற்காமல், விளையாட்டின் ஒரு பகுதியையாவது தாங்களே உருவாக்கிப் பார்க்க வேண்டும். அதற்குப் பணம் கொடுத்துப் புதிய சாப்ட்வேர் எதுவும் வாங்க வேண்டியதில்லை. உங்கள் கம்ப்யூட்டரில் எக்ஸெல் இருந்தால் போதும். இல்லை எனில், இலவசமாகக் கிடைக்கும் லிபர் ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராம் போதும். உருவாக்க வேண்டியது என்ன? ஒரு பூதம்!

அது என்ன பூதம்?

திரை எதுவும் இல்லாமல், மேஜையைச் சுற்றியோ தரையிலோ அமர்ந்து, பேசியே ஆடும் கதை விளையாட்டுகள் உண்டு. இவற்றை டேபிள் டாப் ரோல் பிளேயிங் கேம் என அழைக்கின்றனர். இவற்றில் மூத்தது டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரு அமெரிக்கர்கள் வடிவமைத்த இந்த விளையாட்டு 1974ஆம் ஆண்டு வெளியானது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரத்தை எடுத்துக் கொள்வார்கள். ஒருவர் போர்வீரர், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் காயம் ஆற்றும் பூசாரி, ஒருவர் கள்ளர். "வாளை வீசுகிறேன்" என்று ஆட்டக்காரர் சொல்வார். அது பலித்ததா இல்லையா என்பதை 20 முகங்கள் கொண்ட பகடை முடிவு செய்திடும். வழியில் வந்து நிற்கும் எதிரிகளே பூதங்கள்.

விதிப் புத்தகங்களில் நூற்றுக்கணக்கான பூதங்கள் தரப்பட்டுள்ளன. இருந்தாலும், கதை நடத்துபவர் தானே புதிதாக ஒன்றைச் செய்து கொள்ளலாம். 2023 ஜனவரியில் இந்த விளையாட்டின் அடிப்படை விதித் தொகுப்பு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டது. எனவே அதனை இலவசமாக டவுண்லோட் செய்து படிக்கலாம். யாரிடமும் அனுமதி கேட்காமல் அதன் மீது உங்கள் சொந்தச் சரக்கைச் சேர்க்கலாம். ஆங்கிலத்தில் உள்ளது. பத்தாம் வகுப்புப் பிள்ளை அகராதி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக் கொண்டு படித்தால் புரிந்துவிடும்.

நம் பக்கத்தில் பூதங்களுக்குப் பஞ்சமே இல்லை. மதுரை மீனாட்சி அம்மன் கோயில் தூண்களில் யாளிகள் வரிசையாக நிற்கின்றன. கொள்ளிவாய்ப் பிசாசின் கதை கேட்காமல் வளர்ந்த பிள்ளை இந்த வட்டாரத்தில் குறைவு. அடுத்த தாலுகாக்களில் மலை. அந்த மலையில் 2021ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம். கற்பனைக்கு வேறு என்ன வேண்டும்? டிராகனை இரவல் வாங்க வேண்டிய தேவையே இல்லை.

ஆனால் கற்பனை மட்டும் போதாது. கணக்கும் வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் வலியுறுத்த விரும்புவது அதைத்தான்.

முதல் பூதம் எப்படி இருக்கும்?

பத்து, பன்னிரண்டு வயதில் ஒருவர் உருவாக்கும் முதல் பூதம் அநேகமாக யாராலும் கொல்ல முடியாததாக இருக்கும். யாளி ஒன்று என வைத்துக் கொள்வோம். அதன் உயிர்ப் புள்ளி 150. காப்பு எண் 20. ஒரு கடி கடித்தால் 30 புள்ளிகள் சேதம். கேட்பதற்குப் பிரமாதமாக இருக்கிறது அல்லவா? இப்போது கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முதல் நிலையில் உள்ள நான்கு வீரர்கள் இதனை எதிர்க்கிறார்கள். ஒவ்வொருவரும் பகடையை உருட்டி, வரும் எண்ணுடன் 5ஐக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை 20 அல்லது அதற்கு மேல் வந்தால்தான் யாளியின் மேல் அடி விழும். அதாவது பகடையில் 15 முதல் 20க்குள் விழ வேண்டும். இருபதில் ஆறு வாய்ப்பு, 30 சதவீதம். அடி விழுந்தால் எட்டு முகப் பகடையுடன் 3 கூட்டிச் சேதம். சராசரி 7.5 புள்ளி. எனவே ஒருவர் ஒரு சுற்றில் சராசரியாக 2.25 புள்ளிகள், நால்வரும் சேர்ந்து 9 புள்ளிகள். 150ஐக் கரைக்க ஏறத்தாழ 17 சுற்றுகள் ஆகும். ஒரு சுற்றுக்கு ஐந்து நிமிடம் என்றாலும் 85 நிமிடம்.

அதுவரை வீரர்கள் தாங்குவார்களா? போர்வீரருக்கு 12, பூசாரிக்கும் கள்ளருக்கும் 10, மந்திரவாதிக்கு 8 என்று வைத்தால் நால்வரின் உயிர்ப் புள்ளிகளும் சேர்த்தே 40தான். யாளி ஒரு முறை கடித்தால் ஒருவர் காலி. பாதிக் கடிகள் தவறினாலும் எட்டுச் சுற்றுகளில் ஆட்டம் முடிந்துவிடும். முதல் சுற்றிலேயே விழுந்தவர் அரைமணி நேரம் மற்றவர்களை வேடிக்கை பார்த்துக் கொண்டிருக்க வேண்டும். அவர் கூட்டத்திலேயே சிறியவராக, அன்றுதான் முதல் முறையாக ஆட வந்தவராக இருந்தால்? அடுத்த நாள் வரமாட்டார். இதுதான் இதில் உள்ள உண்மையான நஷ்டம். பூதம் ஜெயித்தது, ஆட்டம் தோற்றது.

ஆடுபுலி சொல்லும் பாடம்

பலம் சமமில்லாத இரு தரப்பை மோதவிட்டு, ஆனாலும் ஆட்டத்தை நியாயமாக வைப்பது எப்படி? இதற்கு அமெரிக்கப் புத்தகம்தான் வழி காட்ட வேண்டும் என்பதில்லை. கோயில் மண்டபத் தரையிலும் பாறையிலும் செதுக்கி வைத்து நம்மவர்கள் ஆடிய ஆடுபுலி ஆட்டத்திலேயே பாடம் இருக்கிறது. பரவலாக ஆடப்படும் வடிவில் 23 புள்ளிகள், 3 புலிகள், 15 ஆடுகள். புலி தாண்டி வெட்டும். ஆட்டால் வெட்ட முடியாது. ஆனால் ஆடுகள் சேர்ந்து நின்றால் புலி நகர முடியாமல் கட்டுப்படும். ஒரு பக்கம் வலிமை. மறு பக்கம் எண்ணிக்கை. இரண்டில் எதை எடுத்தாலும் ஜெயிக்கலாம் என்ற நம்பிக்கை இருப்பதால்தான் இத்தனை தலைமுறையாக ஆடி வருகிறோம்.

இந்த ஆட்டத்தின் நேபாள உறவு ஒன்று உண்டு. பாக்சால் என்று பெயர். 25 புள்ளிகள், 4 புலிகள், 20 ஆடுகள். லிம் யூ ஜின், யூர்க் நீவெர்கெல்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 2000களில் கம்ப்யூட்டர் கொண்டு இந்த ஆட்டத்தை அலசினார்கள். இரு தரப்பும் தவறே செய்யாமல் ஆடினால் ஆட்டம் டிராவில்தான் முடியும் என்று நிறுவினார்கள். யோசித்துப் பாருங்கள். கம்ப்யூட்டர் என்ற சொல்லே இல்லாத காலத்தில், ஆடி ஆடிப் பார்த்தே இந்தச் சமநிலைக்கு வந்திருக்கிறார்கள்.

இந்தப் பாடம் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டிலும் அப்படியே பொருந்துகிறது. 2023இல் வெளியான விதித் தொகுப்பில் புலியும் இருக்கிறது; ஆடும் இருக்கிறது. புலிக்கு 37 உயிர்ப் புள்ளி; ஆட்டுக்கு 4. புலியை வீழ்த்தினால் 200 அனுபவப் புள்ளி, ஆட்டுக்கு 10தான். முதல் நிலை வீரர்கள் நால்வருக்கு ஒற்றைப் புலி நடுத்தரமான சவால். பதினைந்து ஆடுகள் வந்தால்? மொத்தம் 150 புள்ளிதானே, புலியை விட எளிது என்று தோன்றும். ஆனால் 2014 பதிப்பின் விதி, எதிரிகள் பதினைந்து அல்லது அதற்கு மேல் இருந்தால், கஷ்டத்தை அளக்க அந்தத் தொகையை நான்கால் பெருக்கச் சொல்கிறது. 600! நான்கு புதிய வீரர்களுக்கு 400ஐத் தாண்டினாலே உயிருக்கு ஆபத்தான சண்டை என்பது அதே புத்தகத்தின் கணக்கு.

நீங்களே சரி பார்க்கலாம். ஆட்டின் முட்டுக்குச் சராசரிச் சேதம் 3.5. காப்பு எண் 16 உள்ள போர்வீரர் மேல் முட்டு விழும் வாய்ப்பு 40 சதவீதம். பதினைந்து ஆடுகளும் முட்டினால் ஒரு சுற்றில் சராசரியாக 21 புள்ளிகள். வீரர்களின் மொத்த உயிரில் பாதிக்கு மேல் முதல் சுற்றிலேயே போய்விடும். பூதத்தின் பயங்கரம் அதன் பல்லில் மட்டும் இல்லை. ஒரு சுற்றில் எத்தனை முறை அதன் முறை வருகிறது என்பதிலும் இருக்கிறது.

எக்ஸெல் கொண்டு எடை போடுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் எக்ஸெல் என்றால் கடைக் கணக்குக்கு மட்டும்தான் என எண்ணுகிறார்கள். பூதத்தை எடை போடவும் அதுதான் தராசு. கீழ்க்காணும்படி செய்திடுங்கள்.

1. புதிய ஒர்க் ஷீட் ஒன்றைத் திறந்து, பூதத்தின் காப்பு எண், உயிர்ப் புள்ளி, வீரரின் தாக்கு எண், வீரர்களின் எண்ணிக்கை ஆகியவற்றைத் தனித்தனி செல்களில் அமைத்திடுங்கள்.

2. அடி விழும் வாய்ப்பிற்கு ஒரு செல். 21 உடன் தாக்கு எண்ணைக் கூட்டி, காப்பு எண்ணைக் கழித்து, 20ஆல் வகுத்திட வேண்டும். காப்பு எண் 13, தாக்கு எண் 5 எனில் விடை 0.65, அதாவது 65 சதவீதம்.

3. சராசரிச் சேதத்திற்கு ஒரு செல். பகடையின் முகங்களுடன் ஒன்றைக் கூட்டிப் பாதியாக்கி, அதன்மேல் கூடுதல் எண்ணைச் சேர்த்திடுங்கள்.

4. இரண்டையும் பெருக்கி, வீரர்களின் எண்ணிக்கையாலும் பெருக்கினால் ஒரு சுற்றின் சேதம் கிடைக்கும். உயிர்ப் புள்ளியை இதனால் வகுத்தால், பூதம் எத்தனை சுற்று நிற்கும் என்பது தெரியும்.

5. இதே கணக்கைப் பூதத்தின் பக்கமிருந்தும் போடுங்கள். வீரர்கள் எத்தனை சுற்று தாங்குவார்கள் என்பது தெரியும்.

நமது யாளியை இப்போது திருத்தலாம். புதிய வீரர்கள் நால்வருக்கு ஏற்ற பூதத்தின் சவால் அளவு 1. அதற்கு 2014ஆம் ஆண்டின் டஞ்சன் மாஸ்டர்ஸ் கைடு தரும் அட்டவணை இது: காப்பு எண் 13, உயிர்ப் புள்ளி 71 முதல் 85, ஒரு சுற்றின் சேதம் 9 முதல் 14. யாளிக்கு 78 உயிர்ப் புள்ளி கொடுங்கள். வீரர்களின் சராசரிச் சேதம் சுற்றுக்கு 19.5. வகுத்தால் சரியாக 4 சுற்று. ஒவ்வொருவருக்கும் நான்கு முறையாவது வாய்ப்பு வரும், சலிப்பும் தட்டாது. யாளியின் சேதத்தை 11 என வைத்து, தாக்கு எண்ணை 3 என அமைத்தால், நான்கு சுற்றில் வீரர்கள் ஏறத்தாழப் பாதி உயிரை இழப்பார்கள். வெற்றி கிடைக்கும், வியர்வையும் சிந்த வேண்டும்.

சராசரி சொல்லாத செய்தி

இங்கே ஓர் எச்சரிக்கை. சராசரியை மட்டும் நம்பி விடாதீர்கள். 11 புள்ளி சேதத்தை ஒரே கடியாகத் தரலாம், 5.5 வீதம் இரண்டு நகக் கீறல்களாகவும் தரலாம். சராசரி ஒன்றுதான். ஆனால் 8 உயிர்ப் புள்ளியும் 12 காப்பு எண்ணும் உள்ள மந்திரவாதியை எடுத்துக் கொள்ளுங்கள். இரண்டு ஆறு முகப் பகடைகளுடன் 4 கூட்டிய ஒற்றைக் கடியில் அவர் ஒரே சுற்றில் விழும் வாய்ப்பு 55 சதவீதம். ஆறு முகப் பகடை ஒன்றுடன் 2 கூட்டிய கீறல்கள் இரண்டு என்றால் அது 41 சதவீதம். ஒரு சொல்லை மாற்றினால் ஒரு பிள்ளைக்கு ஆட்டம் நீள்கிறது. (பகடையில் 20 விழுந்தால் கிடைக்கும் கூடுதல் சேதத்தை இந்தக் கணக்குகளில் சேர்க்கவில்லை.)

இதனை நேரில் காண விரும்பினால், ரேண்ட் பிட்வீன் என்ற பங்ஷனைப் பயன்படுத்துங்கள். ஒரு செல்லில் சமக்குறி இட்டு, இந்த இரு ஆங்கிலச் சொற்களையும் இடைவெளி இன்றிச் சேர்த்து டைப் செய்து, அடைப்புக் குறிக்குள் 1, 20 எனக் கொடுத்து என்டர் தட்டுங்கள். அந்த செல்லே 20 முகப் பகடையாகிவிடும். நம் கடைகளில் தாயக்கட்டை கிடைக்கும். 20 முகப் பகடைக்கு எங்கே போவது என்ற கவலையும் தீர்ந்தது. அந்த செல்லை நூறு வரிசைகளுக்குக் காப்பி செய்து, எப்9 கீயை அழுத்தினால் ஒவ்வொரு முறையும் நூறு வீச்சுகள் மாறி மாறி வரும். தொடர்ந்து நான்கு அடிகள் தவறுவதும், தொடர்ந்து மூன்று விழுவதும் எவ்வளவு சாதாரணம் என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பள்ளிக்கூடத்தில் நிகழ்தகவு பாடத்தில் தூங்கிய பிள்ளை இதில் தூங்காது.

சிலர் எழுப்பும் மறுப்புகள்

"வாழ்க்கையில் எல்லாம் சமமாகவா வருகிறது? காட்டில் புலி வந்தால் நம் பலத்தை அளந்து கொண்டா வரும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஜெயிக்கவே முடியாத பூதம் கதையில் வரலாம். வரவும் வேண்டும். ஆனால் அதற்கு முன் அடையாளம் காட்டுங்கள். எரிந்த பனைமரங்கள், கைவிடப்பட்ட ஊர், ஆட்டு மந்தை இல்லாத கிடை. கவனித்தவர் ஓடித் தப்பட்டும். ஓட வழி வைத்துவிட்டால் அது பயங்கரம். வழியே வைக்காமல் கொன்றால் அது அநியாயம். இரண்டும் ஒன்றல்ல.

"இன்று ஏஐ செயலியிடம் கேட்டால் நொடியில் ஒரு பூதத்தை எழுதித் தருகிறதே, இந்தக் கணக்கெல்லாம் எதற்கு?" என்பது அடுத்த கேள்வி. கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள், தவறில்லை. ஆனால் அது தரும் எண்களை அப்படியே ஏற்காமல் உங்கள் ஒர்க் ஷீட்டில் இட்டுப் பாருங்கள். உங்கள் மேஜையில் இருப்பவர்கள் மூவரா, ஐவரா, அவர்களில் எத்தனை பேர் புதியவர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். கணக்குப் போட்டவர்தான் கேள்வி கேட்க முடியும்.

"கணக்குப் போட்டால் விளையாட்டின் சுவை போய்விடும்" என்பது மூன்றாவது. சாத்தூர்க் காராச்சேவு தின்றவர்கள் இப்படிச் சொல்லக் கூடாது. காரம் இல்லாவிட்டால் அது காராச்சேவே இல்லை. காரம் மட்டுமே என்றால் இரண்டாவது கை எடுக்க முடியாது. மாவு பிசைபவர் அளவு பார்க்கிறார். அதனால் தின்பவருக்குச் சுவை குறைந்தா போகிறது?

அதிகாரம் யார் கையில்?

கதை நடத்துபவர் பெரும்பாலும் கூட்டத்தில் மூத்தவராக இருப்பார். பூதத்தின் எண்களும், விதியின் விளக்கமும், கடைசித் தீர்ப்பும் அவர் கையில். இவ்வளவு அதிகாரமும் கிடைக்கும்போது, "நான் வைத்ததுதான் சட்டம்" என்று சின்னவர்களை மிரட்டுவது எளிது. அதே அதிகாரத்தைக் கொண்டு எல்லாருக்கும் ஒரு நல்ல மாலைப்பொழுதைத் தருவதும் முடியும். எது நடக்கிறது என்பது அந்த ஒர்க் ஷீட்டைத் திறந்தாரா இல்லையா என்பதில் தெரிந்துவிடும். ஒரு பிள்ளை இந்த வயதில் இதைக் கற்றுக் கொண்டால், நாளை கடை நடத்தினாலும் பிரஸ் நடத்தினாலும் பத்துப் பேருக்கு வேலை பிரித்துக் கொடுத்தாலும் உதவும். எனவேதான் இதை வெறும் விளையாட்டு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

எனவே, பெற்றோருக்கு ஒரு யோசனை. ஆட்டம் முடிந்த பின் பூதத்தின் எண்களை எல்லாருக்கும் திறந்து காட்ட வேண்டும் என்று வீட்டில் ஒரு விதி வையுங்கள். ஆடியவர்கள் எத்தனை சுற்று ஆயிற்று, யார் எப்போது விழுந்தார் என்பதை அந்த பைலிலேயே குறித்து வைக்கட்டும். அடுத்த பூதத்தை வேறொருவர் செய்யட்டும். குறிப்பாக, கூட்டத்தில் சிறியவருக்கு அந்த வாய்ப்பு முதலில் போகட்டும்.

சிவகாசி அச்சகங்களில் வெட்டிப் போடும் அட்டைத் துண்டு நாலு கிடைத்தால், பூதத்தின் படத்தை ஒரு பக்கமும் எண்களை மறு பக்கமும் எழுதிக் கொள்ளலாம். காய்களுக்குப் புளியங்கொட்டை போதும். மீதி எல்லாம் உங்கள் கம்ப்யூட்டரில் ஏற்கனவே இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமையே முயன்று பாருங்கள். உங்கள் யாளி நான்கு சுற்று நின்றதா என்று எண்ண மறக்காதீர்கள்.